ஓட்டும்போது மனம் எங்கே இருக்கிறது? கவனச் சிதறலும் கெட்ட பழக்கங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து வருகிறேன். கியர் மாற்றவும் ரிவர்ஸ் எடுக்கவும் எல்லோரும் சில வாரங்களில் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். லைசென்ஸ் வாங்கி ஆறு மாதம் கழித்து அதே ஆள் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து போகும்போதுதான் எனக்கு மனசு பதறும். ஒரு கை ஸ்டீயரிங்கில், இன்னொரு கை போனில், கண் இரண்டுக்கும் நடுவே அலைந்துகொண்டிருக்கும். ஓட்டுவது பழகிப்போனதால் கவனம் கொஞ்சம் மிச்சமாகிறது. அந்த மிச்சத்தை வேறு எதற்காவது செலவழிக்கலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். ஒரு குழந்தை ஓடிவரும்போது, முன்னால் போகிற லாரி திடீரென்று நிற்கும்போது கைகொடுப்பது அந்த மிச்சக் கவனம்தான். என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

ப்ளூடூத்தில் பேசினால் பரவாயில்லைதானே? கை இரண்டும் ஸ்டீயரிங்கில்தானே இருக்கிறது?

அதிகம் வரும் கேள்வி இதுதான். கேட்பவர்களில் பலர் "பரவாயில்லை" என்ற பதிலை எதிர்பார்த்தே கேட்கிறார்கள். கை இரண்டும் ஸ்டீயரிங்கில் இருப்பது நல்லதுதான். ஆனால் போன் பேச்சு கையோடு நிற்பதில்லை.

1997ல் வெளியான ஆய்வு ஒன்றில், கனடாவின் டொராண்டோவில் டொனால்ட் ரெடல்மையர், ராபர்ட் டிப்ஷிரானி என்ற இரு ஆய்வாளர்கள், விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநர்களின் போன் கணக்கை வாங்கி, விபத்து நடந்த நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். போன் பேசும் நேரத்தில் விபத்துக்கான வாய்ப்பு ஏறத்தாழ 4 மடங்காக இருந்தது. கையில் பிடிக்காமல் பேசும் வசதி வைத்திருந்தவர்களுக்கும் அதனால் பெரிய பலன் இல்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், விபத்தில் காயம்பட்டு மருத்துவமனைக்கு வந்த ஓட்டுநர்களை வைத்து நடந்து 2005ல் வெளியான ஆய்விலும் அதே 4 மடங்குதான். கையில் பிடித்துப் பேசினாலும் பிடிக்காமல் பேசினாலும் வித்தியாசம் தெரியவில்லை.

ஏன் இப்படி? அமெரிக்காவின் உட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயரும் அவர் குழுவினரும் ஆட்களை சிமுலேட்டரில் ஓட்டவிட்டு, அவர்கள் கண் எங்கெங்கே போகிறது என்பதையும் பதிவு செய்தார்கள். போன் பேசிக்கொண்டே ஓட்டியவர்கள் சாலையைத்தான் பார்த்தார்கள். ஆனால் வழியில் நேராகப் பார்த்த பொருட்களைப் பிறகு காட்டிக் கேட்டபோது, பலவற்றை அவர்களால் அடையாளம் சொல்ல முடியவில்லை. கண் பார்த்திருக்கிறது, மூளை வாங்கிக்கொள்ளவில்லை. விபத்துக்குப் பிறகு "அந்த ஆள் எங்கிருந்து வந்தார் என்றே தெரியவில்லை" என்று அழுபவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்களுக்கு உண்மையிலேயே தெரிந்திருக்காது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கார்களில் கேமரா பொருத்தி மாதக்கணக்கில் பதிவு செய்த சில ஆய்வுகளில், ப்ளூடூத் பேச்சின் ஆபத்து இவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. போனைத் தேடி எடுப்பது, எண்ணை அழுத்துவது, திரையைப் பார்ப்பது இவைதான் அங்கே அதிகம் அடிபட்டன. ஆகவே "இருபது நிமிஷத்தில் வந்துவிடுவேன்" என்ற ஒரு வரியும், கடன் விஷயமாக அரை மணி நேரம் நடக்கும் வாக்குவாதமும் ஒன்றுதான் என்று நான் சாதிக்க மாட்டேன். பேச்சு மனதை எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு ஆபத்து. ஆனால் எந்த அழைப்பு எப்படித் திரும்பும் என்பது எடுப்பதற்கு முன் யாருக்கும் தெரியாது. எடுக்கவே வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் பக்கத்தில் இருப்பவரோடும் பேசக் கூடாதா?

பேசலாம். இரண்டும் ஒரே மாதிரி தோன்றும், ஆனால் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. பக்கத்தில் இருப்பவருக்கும் சாலை தெரிகிறது. நெரிசலான சந்திப்பு வந்தால் அவரே பேச்சை நிறுத்துவார், "பார்த்து, அந்த பைக்" என்பார். போனில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது, நீங்கள் லாரியை முந்திக்கொண்டிருக்கும் அதே நொடியில் "என்ன, பதிலே காணோம்?" என்பார்.

2008ல் ஸ்ட்ரேயரின் குழு இதையும் சோதித்துப் பார்த்தது. சிமுலேட்டரில் நெடுஞ்சாலையில் ஓட்டி, குறிப்பிட்ட ஓர் இடத்தில் வெளியே திரும்பி நிறுத்த வேண்டும் என்பது வேலை. நண்பரைப் பக்கத்தில் வைத்துப் பேசியவர்களில் பெரும்பாலோர் சரியாகத் திரும்பினார்கள். போனில் பேசியவர்களில் பாதிப் பேர் அந்த இடத்தைத் தவறவிட்டார்கள்.

சண்டை வேறு கணக்கு. பக்கத்து சீட்டில் இருப்பவரோடு சூடாக வாக்குவாதம் வந்தால் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத் தொடருங்கள்.

ஒரே ஒரு மெசேஜ், ஒரு பார்வை. அதில் என்ன ஆகிவிடும்?

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடுகிறது. 80ல் 22 மீட்டர், 100ல் 28 மீட்டர். இது எளிய வகுத்தல் கணக்கு, யாரும் போட்டுப் பார்க்கலாம்.

இப்போது "ஒரு பார்வை" எவ்வளவு நேரம் என்று பாருங்கள். அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் போக்குவரத்து ஆய்வு நிறுவனம் 2009ல் வெளியிட்ட முடிவுகளில், ஓட்டிக்கொண்டே மெசேஜ் அடித்த லாரி ஓட்டுநர்கள் 6 வினாடி இடைவெளியில் சராசரியாக 4.6 வினாடி கண்ணை சாலையிலிருந்து எடுத்திருந்தார்கள். 80 கி.மீ. வேகத்தில் அது நூறு மீட்டருக்கும் மேல். நூறு மீட்டர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டச் சொன்னால் ஓட்டுவீர்களா? விபத்தோ, நூலிழையில் தப்புவதோ, தடம் விலகிப் போவதோ நிகழும் வாய்ப்பு அந்த லாரி ஓட்டுநர்களுக்கு 23 மடங்காக இருந்தது.

இதே நிறுவனம் 100 கார்களில் கேமரா வைத்து நடத்திய, 2006ல் வெளியான ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. என்ன காரணத்துக்காக இருந்தாலும் சரி, மொத்தமாக 2 வினாடிக்கு மேல் கண் சாலையை விட்டு விலகினால் ஆபத்து இரண்டு மடங்காவது கூடுகிறது. 2 வினாடி என்பது ஒரு பெயரையும் அதற்குக் கீழே ஒரு வரியையும் படிக்கும் நேரம்.

இன்னொன்று. கண்ணைத் திருப்பியதும் உடனே பிரேக் மிதித்துவிட முடியாது. பார்த்தது என்ன என்று மூளைக்குப் புரிய வேண்டும், கால் நகர வேண்டும். அதற்கே ஒரு வினாடி, ஒன்றரை வினாடி ஆகிவிடும். அதற்கு அப்புறம்தான் பிரேக் வேலையை ஆரம்பிக்கும்.

சிக்னலில் நிற்கும்போது பார்த்துக்கொள்ளலாம் அல்லவா? வண்டி ஓடவில்லையே.

நிற்கும் வண்டியில் பார்ப்பது ஓடும் வண்டியில் பார்ப்பதைவிட மேல். ஆனால் சிக்கல் விளக்கு பச்சையான பிறகு வருகிறது. 2015ல் அமெரிக்காவின் ஏஏஏ போக்குவரத்துப் பாதுகாப்பு அறக்கட்டளைக்காக உட்டா பல்கலைக்கழகத்தார் செய்த ஆய்வில், காருக்கும் போனுக்கும் குரலால் உத்தரவு கொடுத்து முடித்த பிறகும் கவனம் முழுதாகத் திரும்ப, மோசமான நிலையில் 27 வினாடி வரை ஆனது. வேலை முடிந்துவிட்டது, மனம் இன்னும் அங்கேயே நிற்கிறது.

இப்போது சிக்னலை நினைத்துப் பாருங்கள். பின்னாலிருந்து ஹாரன் கேட்கிறது. நிமிர்கிறீர்கள், பச்சை. அவசரமாக ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறீர்கள். சாலையைக் கடக்கத் தொடங்கி, பாதியில் இருக்கும் வயதானவர் உங்கள் வண்டியின் முன் மூலையில் இருக்கிறார். நிமிர்ந்த அந்தக் கணத்தில் உங்கள் மனதில் இருப்பது வாசித்த மெசேஜ். நான் பார்த்த பயமான தருணங்களில் பாதி இப்படித்தான் வந்தது.

வழி பார்க்க மேப் வேண்டுமே?

வேண்டும். கிளம்பும் முன்பே இடத்தைப் போட்டு, குரலை இயக்கி, பார்வை மட்டத்துக்குப் பக்கத்தில், ஆனால் கண்ணாடி வழியே தெரியும் சாலையை மறைக்காத இடத்தில் பொருத்திவிடுங்கள். மடியில் வைத்த போனும், தொடைக்கு நடுவில் செருகிய போனும் மேப் அல்ல. வழி தவறினால் தவறட்டும், அதுவே வேறு வழி காட்டும். திருப்பம் தவறிவிட்டது என்று நாலு தடம் தாண்டி வெட்டுபவர்கள்தான் விபத்தாகிறார்கள்.

காரோடு வரும் பெரிய தொடுதிரை பாதுகாப்பானதுதானே? கம்பெனியே வைத்துக் கொடுப்பதுதானே?

கம்பெனி வைத்தது என்பதாலேயே ஒன்று பாதுகாப்பாகிவிடாது. பழைய காரில் ஏசி குமிழைக் கை தானாகத் தேடிப் பிடித்துத் திருகும். கண் சாலையிலேயே இருக்கும். வழவழப்பான கண்ணாடியில் விரலுக்கு எதுவும் தட்டுப்படாது. பார்த்தே ஆக வேண்டும்.

2022ல் ஸ்வீடனின் வீ பிலேகரே என்ற கார் பத்திரிகை இதை நேரடியாகச் சோதித்தது. மணிக்கு 110 கி.மீ. வேகத்தில், வெப்பத்தைக் கூட்டுவது, வானொலி நிலையத்தை மாற்றுவது போன்ற சாதாரண நாலு வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். பொத்தான்கள் உள்ள 2005ஆம் ஆண்டுக் கார் ஒன்றில் 10 வினாடியில் எல்லாம் முடிந்தது. புதிய தொடுதிரைக் கார்களில் ஒன்று 44 வினாடிக்கு மேல் எடுத்தது. புதுமை என்ற பெயரில் இப்படி ஒரு பின்னடைவு வந்ததில் எனக்கு வருத்தம் உண்டு. காரின் பாதுகாப்புக்கு நட்சத்திர மதிப்பீடு கொடுக்கும் யூரோ என்காப், 2026 முதல் இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன் போன்ற சில அடிப்படை வேலைகளுக்குத் தனிப் பொத்தானோ நெம்புகோலோ இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று விதியை மாற்றியது ஆறுதல்.

புதுக்கார் வாங்கியவர்களிடம் நான் சொல்வது, நிறுத்தி வைத்த காரில் அரை மணி நேரம் உட்கார்ந்து எது எங்கே இருக்கிறது என்று பழகுங்கள். ஸ்டீயரிங்கில் இருக்கும் பொத்தான்களை முதலில் பழகுங்கள்.

ஓட்டிக்கொண்டே சாப்பிடுவது, தண்ணீர் குடிப்பது?

நேரான, வெறிச்சோடிய சாலையில் ஒரு வாய் தண்ணீர் குடிப்பது பெரிய குற்றமில்லை. தொல்லை அப்புறம் வருவதில்தான். மூடி கை நழுவும், சாப்பாடு சட்டையில் சிந்தும், ஏதோ ஒன்று காலடியில் உருளும். உடனே கை தானாகக் கீழே போகும், தலை அதோடு போகும், ஸ்டீயரிங்கும் அந்தப் பக்கம் சாயும்.

2016ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், 3,500க்கும் மேற்பட்ட ஓட்டுநர்களின் அன்றாட ஓட்டத்தைக் கேமராவில் பதிவு செய்து பார்த்தார்கள். போன் அல்லாத ஒரு பொருளை எட்டி எடுப்பது விபத்து வாய்ப்பை ஏறத்தாழ 9 மடங்காக்கியது. அதே ஆய்வில் கையில் போன் பிடித்து எண் அழுத்துவது சுமார் 12 மடங்கு. கீழே விழுந்த ஒரு பேனாவை எடுப்பதற்கும் போனில் எண் அழுத்துவதற்கும் உள்ள தூரம் அவ்வளவுதான்.

ஒருமுறை என் மாணவர் ஓட்டும்போது தண்ணீர் பாட்டில் உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போய்ச் சிக்கிக்கொண்டது. பயிற்சி வண்டி என்பதால் என் பக்கமும் பிரேக் இருந்தது. ஆனால் இரண்டு பெடலும் இணைந்தவை, என் பெடலும் பாதிதான் இறங்கியது. வேகம் குறைவு என்பதால் கியரைக் குறைத்து, ஹேண்ட்பிரேக்கை மெதுவாக இழுத்து நிறுத்தினோம். அன்றிலிருந்து கிளம்பும் முன் ஓட்டுநரின் காலடியில் எதுவும் இல்லை என்று பார்க்காமல் நான் சாவியைக் கொடுப்பதில்லை. செருப்பைக் கழற்றிப் பெடலுக்குப் பக்கத்தில் விடுபவர்களும் இதைக் கவனியுங்கள்.

பின் சீட்டில் குழந்தை அழுதால்? அதைப் போனைப் போல் அணைத்து வைக்க முடியாதே.

முடியாது. எல்லாக் கவனச் சிதறலிலும் மனதைப் பிசைவது இதுதான், ஏனென்றால் திரும்பிப் பார்ப்பது அன்பினால். குழந்தை சரியான இருக்கையில் பெல்ட்டோடு இருந்தால், அழுகை ஆபத்து அல்ல. உங்கள் முகம் பின்பக்கம் திரும்புவதுதான் குழந்தைக்கும் சேர்த்து ஆபத்து. முதலில் இதை மனதுக்குச் சொல்லிக்கொள்ளுங்கள். குரலால் சமாதானம் சொல்லுங்கள், பாதுகாப்பான இடம் கண்டதும் நிறுத்துங்கள், இறங்கிப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாமதமாகும், அவ்வளவுதான். நீண்ட பயணத்தில் கூட ஒரு பெரியவர் இருந்தால் பின்னால் குழந்தையோடு உட்காரட்டும். விளையாட்டுப் பொருள் விழுந்தால் அப்பா, அம்மா எடுத்துத் தர மாட்டார்கள், நிறுத்தியபிறகுதான் கிடைக்கும் என்பதை மூன்று வயதுக் குழந்தை கூடச் சில பயணங்களில் புரிந்துகொள்ளும்.

தினமும் போகும் வழி. வீடு வந்துசேர்ந்த பிறகு எப்படி ஓட்டினேன் என்றே நினைவில்லை. இது சகஜமா?

மிகவும் சகஜம். சகஜம் என்பதால் சரி என்று ஆகாது. பழகிய வழியில் கை கால் தாமாக வேலை செய்கின்றன, மனம் அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் போய் வருகிறது. எதுவும் மாறாத நாட்களில் ஒன்றும் ஆகாது. ஆனால் நேற்று இல்லாத பள்ளம் இன்று இருக்கும், எப்போதும் காலியாக இருக்கும் திருப்பத்தில் ஒரு சைக்கிள் வரும். 2012ல் வெளியான ஆய்வு ஒன்றில், பிரான்சின் போர்தோவில் விபத்துக்குப் பின் மருத்துவமனைக்கு வந்த 955 ஓட்டுநர்களிடம், மோதலுக்குச் சற்று முன் மனதில் என்ன ஓடியது என்று கேட்டார்கள். மனம் ஆழமாக வேறெங்கோ போயிருந்தவர்கள், அந்த விபத்துக்குத் தாங்களே பொறுப்பாக இருந்த வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. போன் கிடையாது, திரை கிடையாது, வெறும் நினைப்பு.

இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல மருந்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டுவது. காவல்துறை ஓட்டுநர்களுக்கான பயிற்சியில் இதைச் செய்யச் சொல்வார்கள். "முன்னால் பேருந்து நிற்கிறது, பின்னாலிருந்து ஆள் வரலாம். இடப்பக்கம் கார் கதவில் ஆள் தெரிகிறது, திறக்கலாம். கண்ணாடியில் பைக்." முதலில் வெட்கமாக இருக்கும். ஐந்து நிமிடம் செய்துபாருங்கள். இத்தனை நாள் எவ்வளவு விஷயத்தைப் பார்க்காமல் போயிருக்கிறோம் என்று தெரியும்.

பாட்டு கேட்கலாமா?

கேட்கலாம். ஆம்புலன்ஸ் சைரன் காதில் விழும் அளவுக்கு. இரண்டு காதிலும் ஹெட்போன் வேண்டாம். பாட்டு மாற்றுவதுதான் சிக்கல், கேட்பது அல்ல. கிளம்பும் முன் ஒரு பட்டியலை ஓடவிடுங்கள்.

எனக்குத் தூக்கம் வந்தால் சமாளிக்கத் தெரியும். ஜன்னலைத் திறந்துவைத்து, பாட்டைச் சத்தமாக வைத்து...

தயவுசெய்து இதை நம்பாதீர்கள். காற்றும் பாட்டும் சில நிமிடம் விழித்திருப்பது போன்ற உணர்வைத் தரும், தூக்கத்தைத் துரத்தாது. 17 முதல் 19 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவர்களின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவர்களின் அளவுக்கு, சில சோதனைகளில் அதைவிடவும் மோசமாக இறங்கியது என்று 2000ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. காலை ஐந்தரைக்கு எழுந்து நாள் முழுக்க வேலை செய்துவிட்டு இரவு பதினொன்றரைக்கு ஊருக்குக் கிளம்புகிறவர் இந்தக் கணக்கில்தான் வருகிறார். ஒரு சொட்டுக் குடிக்காதவர், மிகப் பொறுப்பானவர்.

தூக்கத்தில் கண் மூடுவது தெரியும் என்று நினைக்கிறோம். மூன்று நாலு வினாடி நீளும் குட்டித் தூக்கம் வந்து போனதே பலருக்குத் தெரியாது. கடைசி இரண்டு கிலோமீட்டர் நினைவில்லை, வண்டி கோட்டின் மேல் ஏறுகிறது, கொட்டாவி அடுக்கடுக்காக வருகிறது, கண்ணைக் கசக்குகிறீர்கள் என்றால் ஏற்கெனவே தாமதம். பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி 15, 20 நிமிடம் தூங்குங்கள். காபி குடிப்பதாக இருந்தால் தூங்குவதற்கு முன் குடியுங்கள். அது வேலை செய்யவே இருபது முப்பது நிமிடம் ஆகும், நீங்கள் எழும் நேரத்துக்குச் சரியாக இருக்கும். விடியலுக்கு முந்தைய மணி நேரங்களும், மதிய உணவுக்குப் பிந்தைய நேரமும் உடம்பு தானாகத் தளரும் நேரங்கள். நீண்ட பயணத்தை அந்த நேரங்களில் வைக்காமல் இருக்க முடியுமா என்று பாருங்கள்.

ஒருவன் வெட்டிக்கொண்டு போனால் கோபம் வருகிறது. துரத்தத் தோன்றுகிறது.

கோபம் வருவது இயல்பு. மேலே சொன்ன அதே 2016 ஆய்வில், கோபம், அழுகை, மனக்கொந்தளிப்பு வெளியே தெரியும் நிலையில் ஓட்டுவது விபத்து வாய்ப்பை ஏறத்தாழ 10 மடங்காக்கியது. கையில் போன் வைத்திருப்பதற்கு அங்கே வந்த மொத்தக் கணக்கே 3.6 மடங்குதான். எனக்கு இந்த எண்ணைப் படித்தபோது அதிர்ச்சி. வீட்டில் சண்டை போட்டுக் கதவை அறைந்துவிட்டுச் சாவியை எடுப்பதை நாம் ஆபத்து என்று நினைப்பதே இல்லை. அப்படி ஒரு நாளில் பத்து நிமிடம் நடந்துவிட்டு வந்து கிளம்புங்கள். துக்கச் செய்தி கேட்டவர் ஓட்டக் கூடாது. வேறு யாராவது ஓட்டட்டும்.

வெட்டிக்கொண்டு போனவர் யார், ஏன் அவசரம் என்று உங்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. இடைவெளி விடுங்கள், அவர் போகட்டும்.

கிளட்ச் மேலேயே காலை வைத்து ஓட்டுகிறேன். கெட்ட பழக்கமா?

ஆம். லேசான அழுத்தம் கூட கிளட்சை முழுதாகப் பிடிக்க விடாது, கிளட்ச் தட்டும் அதன் பேரிங்கும் சீக்கிரம் தேயும். இடது காலுக்குப் பக்கத்தில் காலை வைக்க இடம் இருக்கும், அங்கே வையுங்கள்.

இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் எரிபொருள் மிச்சமாகுமே?

இன்றைய இன்ஜெக்ஷன் இன்ஜின்களில் கியரிலேயே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் வருவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் ஓடுவதற்கு எரிபொருள் எரியும். அதைவிட முக்கியம், கியரில் இருக்கும்போது இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் எல்லாப் பாரமும் பிரேக் மேல் விழும்; நீண்ட மலையிறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். எந்த கியரில் ஏறுவீர்களோ அந்த கியரில் இறங்குங்கள்.

மழையில் ஹசார்டு லைட் போட்டுக்கொண்டு ஓட்டுவது நல்லதுதானே?

நான்கு விளக்கும் ஒன்றாக மின்னினால் பெரும்பாலான வண்டிகளில் நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப்போகிறீர்கள் என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாது. நிற்கும் வண்டி என்றும் நினைத்துவிடுவார். மழையில் ஹெட்லைட்டை லோ பீமில் போடுங்கள், வேகத்தைக் குறையுங்கள். ஹசார்டு லைட் நின்றுபோன வண்டிக்கு.

முன்னால் போகும் வண்டிக்கு எவ்வளவு இடைவெளி? வேகமாகப் போனால்தான் நேரத்துக்குப் போக முடிகிறது.

முன் வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டும்போது "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று, வினாடிக்கு ஒன்றாக எண்ணுங்கள். எண்ணி முடிக்கும் முன் நீங்கள் அந்தக் கம்பத்தை எட்டிவிட்டால் நெருங்கிவிட்டீர்கள். மழையில் நாலு வரை எண்ணுங்கள்.

வேகத்தால் மிச்சமாகும் நேரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 கி.மீ. தூரத்தை 60ல் போனால் 15 நிமிடம். எங்கும் நிற்காமல் 80ல் போனால் பதினொன்றேகால் நிமிடம். நாலு நிமிடம் கூட மிச்சமில்லை. பிரேக் மிதித்தபின் வண்டி ஓடும் தூரமோ வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. 60லிருந்து 80க்குப் போனால் அது சுமார் 1.8 மடங்காகிவிடும்.

நான் ஒரே நேரத்தில் பல வேலை செய்து பழகியவன். எனக்கு இதெல்லாம் பொருந்துமா?

2010ல் ஸ்ட்ரேயரும் ஜேசன் வாட்சனும் 200 பேரைச் சோதித்தார்கள். போன் பேச்சு போன்ற கடினமான வேலையைச் செய்துகொண்டே ஓட்டியபோதும் எதிலும் தரம் குறையாதவர்கள் 2.5 சதவீதம், அதாவது 5 பேர். அந்த ஐந்தில் ஒருவராக இருக்கலாமே என்று தோன்றும். 2013ல் அதே பல்கலைக்கழகத்தில் இன்னொரு ஆய்வு வந்தது. பல வேலையை ஒன்றாகச் செய்வதில் தாங்கள் கெட்டிக்காரர்கள் என்று நம்பியவர்களும், ஓட்டும்போது அதிகம் போன் பேசியவர்களும், சோதனையில் அப்படிச் சிறப்பாகச் செய்யவில்லை. நம்பிக்கைக்கும் திறமைக்கும் அங்கே தொடர்பு இல்லை.

பைக் ஓட்டும்போது ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிப் பேசுகிறேன்.

கார் ஓட்டுபவருக்குச் சொன்ன எல்லாம் உங்களுக்கும் பொருந்தும். அதோடு, நழுவும் போனைப் பிடிக்கத் தோளை உயர்த்திக் கழுத்தைச் சாய்ப்பீர்கள், அந்தப் பக்கத்துக் கண்ணாடி தெரியாது, ஹெல்மெட்டும் தலையில் சரியாக உட்காராது. இரண்டு சக்கரத்தில் சமநிலையும் உங்கள் உடம்பில்தான் இருக்கிறது. பேச வேண்டும் என்றால் நிறுத்துங்கள்.

தெரிந்தும் கை போனுக்குப் போகிறது. எப்படி விடுவது?

மன உறுதியை மட்டும் நம்பினால் தோற்றுவிடுவோம். சத்தம் கேட்டால் பார்க்கத் தோன்றும், அது எல்லோருக்கும் அப்படித்தான். ஆகவே முடிவை வண்டி நகரும் முன்பே எடுத்துவிட வேண்டும். ஓட்டும்போது அழைப்பையும் மெசேஜையும் நிறுத்திவைத்து, "ஓட்டிக்கொண்டிருக்கிறேன்" என்று தானாகப் பதில் அனுப்பும் வசதி இன்றைய போன்கள் பலவற்றில் இருக்கிறது. அதை இயக்குங்கள். மேப் தேவையில்லாத நாளில் போனைப் பையில் போட்டுப் பையைப் பின் சீட்டில் வையுங்கள். கை நீட்டினாலும் எட்டக் கூடாது. அவசர அழைப்பு வரக்கூடிய சூழலில் இருப்பவர்கள் ஒலியைக் கேட்டதும் ஓரமாக நிறுத்தித் திருப்பி அழைக்கலாம். முதல் வாரம் மனம் அரிக்கும். இரண்டாம் வாரத்தில், யாரும் கூப்பிடாத அந்த அரை மணி நேரம் எவ்வளவு நிம்மதி என்று என் மாணவர்கள் பலர் வந்து சொல்லியிருக்கிறார்கள்.

அப்பா போன் பேசிக்கொண்டேதான் ஓட்டுகிறார். சொன்னால் "முப்பது வருஷமா ஓட்டறேன்" என்கிறார். நான் என்ன செய்வது?

இந்தக் கேள்வியைக் கேட்கும் பிள்ளைகளின் முகம் எனக்கு மறப்பதில்லை. ஓட்டுவதில் அவரைக் குறை சொல்லாதீர்கள்; அவர் நன்றாகவே ஓட்டுவார். "நீங்க பேசும்போது எனக்குப் பயமா இருக்குப்பா" என்று உங்கள் பயத்தைச் சொல்லுங்கள். அதை அவரால் மறுக்க முடியாது. அப்புறம் வேலையை வாங்கிக்கொள்ளுங்கள். "போனை என்கிட்ட குடுங்க, யார் கூப்பிட்டாலும் நான் பேசறேன்." மேப் பார்ப்பதும் பாட்டு மாற்றுவதும் உங்கள் வேலையாகட்டும். பல வீடுகளில் இது ஒரே பயணத்தில் பழக்கமாகியிருக்கிறது.

நீங்கள் கூட இல்லாத நேரத்தில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அவரை அழைக்கும்போது முதல் கேள்வியே "ஓட்டிக்கிட்டு இருக்கீங்களாப்பா?" என்று இருக்கட்டும். ஆமாம் என்றால், "நின்ன பிறகு கூப்பிடுங்க" என்று சொல்லி உடனே வைத்துவிடுங்கள். அவர் "பரவாயில்லை, சொல்லு" என்பார். அப்போதும் வைத்துவிடுங்கள்.